தெருவில் படமெடுப்பவரிடம் "எந்தப் பத்திரிகை?" என்று கேட்பதை நிறுத்துங்கள்

தமிழ்நாடு அரசின் உள்துறைக்கும், மாநிலக் காவல்துறைத் தலைமைக்கும், செய்தி மக்கள் தொடர்புத் துறைக்கும்,

நான் எந்தப் பத்திரிகையிலும் வேலை பார்க்கவில்லை. கல்யாணம், காதுகுத்து எடுத்துத்தான் பிழைப்பு ஓடுகிறது. மற்ற நேரமெல்லாம் கேமராவோடு சென்னைத் தெருக்களில் இருப்பவன். இந்த மடலை எழுத வைத்தது ஒரு வாய்மொழி உத்தரவு. நகரின் வடக்கே ஒரு மீன் சந்தைப் பக்கம், பிரஸ் கார்டு இல்லாதவர்கள் இனி கேமராவோடு வரக் கூடாது என்று அங்கே காவல் பணியில் இருப்பவர்கள் சொல்ல ஆரம்பித்திருக்கிறார்கள். யார் போட்ட உத்தரவு, எந்தச் சட்டத்தின் கீழ், எத்தனை நாளைக்கு என்று கேட்டால் "மேலிடத்து உத்தரவு" என்பதோடு சரி. எழுத்தில் எதுவும் இல்லை.

போன மாதம் என்னிடம் படமெடுக்கக் கற்றுக்கொள்ளும் ஒரு கல்லூரி மாணவி அங்கே போயிருந்தார். ஏலம் முடிந்து, ஐஸ் பாளங்களை உடைத்துப் பெட்டிகளில் கொட்டிக்கொண்டிருந்த நேரம். சாலையோரம் நின்றபடி, சங்கரா மீன் கூடையைத் தலைக்கு ஏற்றிக்கொண்டிருந்த ஒரு அம்மாவைப் படமெடுத்திருக்கிறார். அந்த அம்மா சிரித்துக்கொண்டே "நல்லா விழுந்திருக்கா?" என்று கேட்டிருக்கிறார். ஜீப்பிலிருந்து இறங்கி வந்த அதிகாரிதான் "எந்தப் பத்திரிகை?" என்று ஆரம்பித்தார். பத்திரிகை இல்லை சார், காலேஜ் என்றதும், "அப்புறம் உனக்கு எதுக்கு இது? கார்டை ஃபார்மேட் பண்ணு" என்று சொல்லிவிட்டார். மெனுவைத் திறந்து, அந்த வரியைத் தேடி, அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஓகே அழுத்தினாள் அந்தப் பெண். இறுதிப் பருவத்துக்காக எடுத்த படங்கள் அத்தனையும் அந்த மெமரி கார்டில் இருந்தன. அழிந்த படங்களை மீட்கும் மென்பொருளை வைத்து இரவெல்லாம் போராடினோம். பாதிதான் கிடைத்தது. அதன் பிறகு அவள் சந்தைப் பக்கமே போவதில்லை.

அந்த அதிகாரியிடம் கேட்க முடியாததை உங்களிடம் கேட்கிறேன். அந்தப் படங்களில் குற்றம் இருந்தது என்றால் அவை வழக்கின் சாட்சியம். சாட்சியத்தை அழிப்பதையே குற்றம் என்கிறது நமது சட்டம். குற்றம் எதுவும் இல்லை என்றால், அதில் கை வைக்க யாருக்கும் அதிகாரம் இல்லை. எப்படிப் பார்த்தாலும், அழிக்கச் சொல்ல வழியே இல்லையே? ஒரு பொருளைக் கைப்பற்ற வேண்டுமானால் அதற்கு பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின், அதாவது இப்போதைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின், 106-ஆம் பிரிவு இருக்கிறது. குற்றம் நடந்திருக்கலாம் என்று சந்தேகிக்கக் காரணம் இருக்க வேண்டும், கைப்பற்றியதை உடனே மாஜிஸ்திரேட்டுக்குத் தெரிவிக்க வேண்டும். அதற்கு முந்தைய 105-ஆம் பிரிவு, சோதனையையும் கைப்பற்றுதலையும் காவல்துறையே வீடியோவில் பதிவு செய்ய வேண்டும் என்கிறது. அன்று அந்தச் சாலையில் இதில் எதுவுமே நடக்கவில்லை.

பொது இடத்தில் படமெடுக்கக் கூடாது என்று ஒட்டுமொத்தமாகத் தடுக்கும் சட்டம் இந்தியாவில் கிடையாது. குறிப்பிட்ட தடைகள் உண்டு, அவற்றை நாங்கள் மதிக்கிறோம். ராணுவத் தளங்கள் போன்ற இடங்களுக்கு 1923-ஆம் ஆண்டின் அலுவல் ரகசியங்கள் சட்டம் இருக்கிறது. பெண்களை அந்தரங்கமான நிலையில் படமெடுப்பவர்களுக்கு பாரதிய நியாய சன்ஹிதா என்ற இப்போதைய தண்டனைச் சட்டத்தின் 77-ஆம் பிரிவும், பின்தொடர்ந்து தொல்லை கொடுப்பவர்களுக்கு 78-ஆம் பிரிவும் இருக்கின்றன. ஆனால் தெருவில் எங்களிடம் சொல்லப்படும் காரணம் இவற்றில் எதுவுமாகவும் இருப்பதில்லை. "செக்யூரிட்டி ரீசன்" என்பார்கள், அவ்வளவுதான். அலுவல் ரகசியங்கள் சட்டத்தை நீட்டி முழக்கிப் பயமுறுத்துபவர்களும் உண்டு. காவல் நிலையமே அந்தச் சட்டத்தின்படி தடைசெய்யப்பட்ட இடம் அல்ல, அதற்குள் வீடியோ எடுத்தது அந்தச் சட்டத்தின் கீழ்க் குற்றமாகாது என்று பம்பாய் உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் அமர்வு 2022-இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. காவல் நிலையத்துக்கே அப்படி என்றால், மீன் சந்தைக்கும் பேருந்து நிறுத்தத்துக்கும் எங்கிருந்து வந்தது ரகசியம்?

சரி, பிரஸ் கார்டு விஷயத்துக்கு வருகிறேன். அரசு கொடுக்கும் அங்கீகார அட்டை எதற்கு என்று செய்தித் துறைக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. செய்தியாளர் கூட்டம், அரசு நிகழ்ச்சி போல எல்லோரையும் உள்ளே விட முடியாத இடங்களுக்குள் அனுமதிக்க அது பயன்படுகிறது. பேருந்துப் பயணச் சலுகை மாதிரி சில வசதிகளுக்கும் உதவுகிறது. சாலையில் நிற்பதற்கு அது தேவையே இல்லை. சாலைக்குள் நுழைய யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை. பேச்சுரிமையும் கருத்துரிமையும் தரும் அரசமைப்பின் 19(1)(அ) பிரிவில் பத்திரிகை என்ற சொல்லே இல்லை, இருப்பது குடிமக்கள். பத்திரிகைச் சுதந்திரம் என்று நாம் பேசுவதெல்லாம் அந்தக் குடிமக்கள் உரிமையிலிருந்து கிளைத்ததுதான். சுதந்திர இந்தியாவில் கருத்துரிமைக்கு அடித்தளம் போட்ட முதல் தீர்ப்புகளில் ஒன்றே நம் மாநிலத்தின் மீதுதான் வந்தது. ஒரு வார இதழ் உள்ளே வரக் கூடாது என்று அன்றைய மதராஸ் அரசு போட்ட தடையை, ரொமேஷ் தாப்பர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1950 மே மாதம் ரத்து செய்தது. முக்கால் நூற்றாண்டு கழித்தும், அந்த உரிமை அட்டைக்காரர்களுக்கு மட்டும்தான் என்று தெருமுனையில் ஒருவர் சொல்ல முடிகிறது.

எங்களைப் போல ஃப்ரீலான்ஸாக இருப்பவர்களுக்கு அந்த அட்டை எட்டாக்கனி. நியமனக் கடிதம் கேட்பார்கள், முழுநேர வேலைக்கான சான்று கேட்பார்கள். தனியாக எடுத்து, படம் படமாக விற்பவனிடம் அது எப்படி இருக்கும்? இன்னொரு பக்கமும் இருக்கிறது, இதைக் காவல்துறை கவனமாகக் கேட்க வேண்டும். கார்டு இருந்தால்தான் விடுவேன் என்று நீங்கள் தெருவில் சொல்லச் சொல்ல, கார்டு விற்பவர்களுக்கு வியாபாரம் பெருகுகிறது. பெயரே கேள்விப்படாத ஒரு மாத இதழின் அடையாள அட்டையைக் காசு கொடுத்து வாங்கி வைத்துக்கொள் என்று எனக்கே அறிவுரை சொன்னவர்கள் உண்டு. போலிப் பத்திரிகையாளர்கள் பெருகிவிட்டார்கள் என்று கவலைப்பட்டுத்தான் சென்னை உயர் நீதிமன்றம் 2021-இல் தமிழ்நாட்டுக்கென ஒரு பிரஸ் கவுன்சில் அமைக்கச் சொன்னது. 2024 மே மாதம் வண்டிகளில் ஒட்டியிருக்கும் 'பிரஸ்' ஸ்டிக்கர்களுக்கு எதிராகச் சென்னைப் போக்குவரத்துக் காவல்துறை நடவடிக்கை எடுத்ததும் இதே கவலையில்தான். ஒரு கையால் போலி அட்டையைப் பிடித்துக்கொண்டே, மறு கையால் அதற்கான தேவையை வளர்க்கிறீர்கள்.

அட்டை கையில் இருந்தாலும் பாதுகாப்பு இல்லை என்பதற்கு லண்டன் சாட்சி. 2003-இல் அங்கே ஆயுதக் கண்காட்சி ஒன்றுக்கு எதிரான போராட்டத்தைப் படமெடுக்கப் போன பத்திரிகையாளர் பென்னி குவின்டன், தன் பிரஸ் கார்டைக் காட்டியும் விடப்படவில்லை. பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தின் 44-ஆம் பிரிவைச் சொல்லி அவரைச் சோதனை போட்டார்கள், படமெடுப்பதை நிறுத்தச் சொன்னார்கள். ஆறு வருடத்துக்கு மேல் கழித்து, 2010 ஜனவரியில், அந்த அதிகாரமே மனித உரிமைக்கு எதிரானது என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே காலத்தில் அந்நாட்டுப் புகைப்படக்காரர்கள் தெருவில் இறங்கிப் போராடினார்கள். லண்டன் காவல்துறை தன் ஆட்களுக்கென்று எழுத்தில் வெளியிட்ட வழிகாட்டுதலில் இருப்பது எளிமையான விஷயங்கள்தான். பொது இடத்தில் படமெடுக்கப் பொதுமக்களுக்கோ ஊடகத்துக்கோ அனுமதி தேவையில்லை. சம்பவங்களையோ காவலர்களையோ படமெடுப்பதைத் தடுக்க அதிகாரம் இல்லை. சோதனையின்போது படங்களை அழிக்கவும் அதிகாரம் இல்லை. ஒரு பக்கத்தில் அடங்கிவிடும். நம்மால் ஏன் முடியாது?

இந்த மாநிலத்தில் உண்மையை வெளியே கொண்டுவந்த படங்களை யார் எடுத்தார்கள் என்றும் யோசித்துப் பாருங்கள். 2025 ஜூனில் சிவகங்கை மாவட்டம் திருப்புவனத்தில் கோயில் காவலாளி அஜித்குமார் காவல் விசாரணையில் இறந்தார். அவரை அடிக்கும் காட்சியை ஒருவர் மறைந்திருந்து கைபேசியில் எடுத்த வீடியோதான் அந்த வழக்கின் போக்கை மாற்றியது. எடுத்தவர் பத்திரிகையாளர் அல்ல, கோயில் ஊழியர். 2023 டிசம்பரில் எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்தபோது, கறுத்துப்போன வலைகளையும் படகுகளையும் நமக்குக் காட்டிய படங்களில் மீனவர்களே எடுத்தவை எத்தனை! மனிதக் கழிவை மனிதரே அள்ளுவதைத் தடை செய்யும் சட்டம் 2013-இல் வந்தது. அதற்குப் பிறகும் மலக்குழிகளில் நடந்த சாவுகளைக் குடும்பம் குடும்பமாகத் தேடிப் போய்ப் படமெடுத்தவர் எம். பழனிகுமார். மதுரைப் பக்கத்தில் மீன் விற்று வளர்த்த தாயின் மகன் அவர். அவரைப் போன்ற ஒருவர் முதல் கேமராவோடு தெருவுக்கு வரும் காலையில் "எந்தப் பத்திரிகை?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பினால், அந்த இழப்பு அவருக்கு மட்டுமல்ல.

பரபரப்பான படங்கள் மட்டும்தான் முக்கியம் என்று நான் சொல்லவில்லை. பெரிதாக எதுவும் நடக்காத நாட்களின் படங்களும் வேண்டும். ஆங்கிலேயப் புகைப்படக்காரர் லின்னேயஸ் ட்ரைப் 1858-இல் எடுத்த மதுரை, தஞ்சாவூர்ப் படங்கள் இல்லையென்றால் அந்த ஊர்கள் அன்று எப்படி இருந்தன என்று நமக்குத் தெரிந்திருக்காது. 1950 ஏப்ரலில் ரமண மகரிஷியின் கடைசி நாட்களில் திருவண்ணாமலையில் பிரெஞ்சுப் புகைப்படக்காரர் ஹென்றி கார்ட்டியே-ப்ரெஸ்ஸோன் கேமராவோடு இருந்தார். 1985-இல் எரிந்துபோன சென்னையின் பழைய சந்தையான மூர் மார்க்கெட்டை நேரில் பார்க்காத என் தலைமுறைக்கு, யாரோ போகிற போக்கில் எடுத்து வைத்த படங்கள்தான் மிச்சம். இன்றைக்கு மெட்ரோ வேலைக்காக நகரத்தின் பாதி தோண்டிக் கிடக்கிறது. பல தெருக்களை ஆறு மாதம் கழித்துப் போனால் அடையாளம் தெரிவதில்லை. இதையெல்லாம் யார் பதிவு செய்வது? செய்தித்தாளின் புகைப்படக்காரருக்கு அன்றைய செய்தியே தலைக்கு மேல் இருக்கிறது.

இனி, உங்கள் தரப்பில் நியாயமாக எழும் கேள்விக்கு வருகிறேன். படம் எடுக்கப்படுபவரின் உரிமை என்ன ஆவது? இதை நான் லேசாக எடுத்துக்கொள்பவன் அல்ல. பொது இடத்துக்கு வந்துவிட்டதாலேயே ஒருவர் தன் அந்தரங்கத்தை இழந்துவிடுவதில்லை என்று 2017-இல், அந்தரங்க உரிமை பற்றிய புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் சொல்லப்பட்டது. எனக்கு அது சரியாகவே படுகிறது. கடற்கரையில் பெண்களை அவர்களுக்குத் தெரியாமல் வக்கிரமாக எடுத்து இணையத்தில் போடுபவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் மேல் நடவடிக்கை எடுங்கள், நாங்களும் புகார் கொடுக்கத் துணை நிற்கிறோம். ஆனால் பிரஸ் கார்டு கேட்பது அதற்கு மருந்து அல்ல. வக்கிரம் பிடித்தவனிடமும் அட்டை இருக்கலாம். அவன் பெரும்பாலும் கைபேசியில்தான் எடுக்கிறான், கைபேசியை யாரும் நிறுத்திக் கேட்பதில்லை. எல்லோர் கண்ணிலும் படும்படி பெரிய கேமராவைக் கழுத்தில் தொங்கவிட்டு நிற்பவர்தான் மாட்டிக்கொள்கிறார். அவரிடமாவது போய் "என்னை எடுத்தாயா? காட்டு" என்று கேட்கலாம்.

எங்கள் வட்டத்தில் சில வழக்கங்கள் உண்டு. வேண்டாம் என்று கையைக் காட்டினால் கேமராவை இறக்கிவிடுவோம். எடுக்கப்பட்டவரே வந்து அழிக்கச் சொன்னால் அழிப்போம். பிள்ளைகள் என்றால் பெற்றவர்களைக் கேட்போம். மயங்கிக் கிடப்பவர், குளிப்பவர், அழுதுகொண்டிருப்பவர் பக்கம் லென்ஸைத் திருப்ப மாட்டோம். இவை சட்டத்தில் எழுதியவை அல்ல, தெருவில் உறவாடிக் கற்றுக்கொண்டவை. சாலையோரக் கடைக்காரர்கள் கேமராவைப் பார்த்து ஏன் பதறுகிறார்கள் தெரியுமா? மானப் பிரச்சினையால் அல்ல. கடையை அப்புறப்படுத்த வருகிறவர்களும் முதலில் வந்து படமெடுப்பதால்தான். நான் யார், எதற்கு எடுக்கிறேன் என்று உட்கார்ந்து பேசினால் அந்தப் பயம் போய்விடும். அடுத்த முறை போகும்போது பிரிண்ட் கொண்டுபோய்க் கொடுப்பேன். கருவாடு விற்கும் ஒரு ஆயா, நான் எடுத்த படத்தைத் தன் தராசுப் பெட்டியின் மூடிக்கு உள்பக்கம் ஒட்டி வைத்திருக்கிறார், பக்கத்தில் ஒரு மாதா படம். பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் யாராவது கேட்பார்கள், அவரும் சொல்லிக்கொண்டே இருப்பார். அந்த ஆயாவுக்கும் எனக்கும் நடுவே ஒரு அதிகாரி வந்து நின்று, அவருடைய அந்தரங்கத்தைக் காப்பாற்றுவதாகச் சொன்னால் நான் எப்படி ஏற்றுக்கொள்வது?

அந்தரங்கத்தின் மேல் அவ்வளவு அக்கறை என்றால் இன்னொன்றையும் சேர்த்துப் பேச வேண்டும். 'மூன்றாவது கண்' என்ற பெயரில் சென்னையின் தெருக்களெங்கும் கண்காணிப்பு கேமராக்கள் வைக்கப்பட்டன. கடைக்காரர்களையும் வீட்டுக்காரர்களையும் தெருவைப் பார்த்துக் கேமரா மாட்டச் சொன்னதும் காவல்துறைதான். முகத்தை அடையாளம் காணும் மென்பொருளையும் பயன்படுத்துகிறீர்கள். அவற்றின் முன்னால் நடந்துபோகும் யாரிடமும் சம்மதம் கேட்கப்படுவதில்லை, வேண்டாம் என்று கையைக் காட்டினால் அவை இறங்குவதும் இல்லை. குற்றங்களைக் கண்டுபிடிக்க அவை உதவுவதை நான் மறுக்கவில்லை. ஆனால் அரசு தெருவைப் பார்க்கலாம், குடிமக்கள் பார்க்கக் கூடாது என்ற நிலைமைக்கு நாம் மெல்லப் போய்க்கொண்டிருக்கிறோம்.

ஒன்றிய அரசின் 2023-ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இந்தப் பயத்தை இன்னும் கூட்டுகிறது. முந்தைய வரைவுகளில் இதழியல் பணிக்கென்று இருந்த விலக்கு, நிறைவேறிய சட்டத்தில் இல்லை. தனிப்பட்ட, வீட்டு உபயோகத்துக்கு மட்டும் விலக்கு இருக்கிறது. கண்காட்சியில் வைக்கும் படம், இதழுக்கு விற்கும் படம் எந்தப் பக்கம் விழும் என்று எங்களில் பலர் குழம்பிக் கிடக்கிறோம். நாளை இதையும் ஒரு பிரிவு எண்ணாகச் சொல்லித் தெருவில் மிரட்டுவார்கள் என்ற பயம் இருக்கிறது. பூங்கா, பேருந்து நிலையம் போன்ற பொது இடங்களில் தனியார் செக்யூரிட்டி ஆட்கள் நடந்துகொள்ளும் விதம் தனிக் கதை. கேமராப் பையைப் பார்த்ததுமே, "பர்மிஷன் லெட்டர் எங்கே?" அந்தக் கடிதத்தை யார் கொடுப்பார்கள் என்று கேட்டால் அவர்களுக்கே தெரியாது.

ஆகவே நான் கேட்பது இவை.

மாநிலக் காவல்துறைத் தலைமை எல்லாக் காவல் நிலையங்களுக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்ப வேண்டும். பொது இடத்தில் படமெடுக்க அனுமதியோ பிரஸ் கார்டோ தேவையில்லை, பணியைத் தடுக்காத வரையில் காவலர்களைப் படமெடுப்பதும் குற்றமல்ல என்பது அதில் நேரடியாக இருக்க வேண்டும். அது தமிழில் இருக்க வேண்டும், காவல்துறையின் இணையதளத்தில் எல்லோரும் பார்க்கும்படி இருக்க வேண்டும். தெருவில் நிறுத்தப்படும் ஒரு மாணவி அதைத் தன் கைபேசியில் எடுத்துக் காட்ட முடிய வேண்டும்.

படங்களை அழிக்கவோ கார்டை ஃபார்மேட் செய்யவோ எந்த அதிகாரியும் எந்தச் சூழலிலும் சொல்லக் கூடாது, சொன்னால் துறை நடவடிக்கை உண்டு என்று எழுதுங்கள். கேமராவையோ கைபேசியையோ கைப்பற்றினால் அங்கேயே ரசீது கொடுக்க வேண்டும், எந்தப் பிரிவு என்று அதில் குறிப்பிட வேண்டும். பத்திரிகையாளர்களின் மின்னணுச் சாதனங்களைக் கைப்பற்ற வழிகாட்டுதல் வேண்டும் என்று 2023 நவம்பரில் உச்ச நீதிமன்றமே ஒன்றிய அரசிடம் கேட்டது. தமிழ்நாடு அதற்குக் காத்திருக்காமல் தனக்கான விதிகளை முதலில் எழுதலாம், அவற்றில் பத்திரிகையாளர் அல்லாதவர்களையும் சேர்த்துக்கொள்ளலாம்.

எங்காவது தடை தேவைதான் என்றால் பலகை வையுங்கள். எந்த இடம் முதல் எந்த இடம் வரை, எந்தச் சட்டத்தின் கீழ், யாருடைய உத்தரவு, அதன் எண், தேதி எல்லாம் அதில் இருக்கட்டும். அந்த மாதிரிப் பலகை இல்லாத இடத்தில் வாய்மொழித் தடை செல்லாது என்றும் அறிவியுங்கள். நான் சொன்ன மீன் சந்தைப் பகுதியில் இப்போது சொல்லப்படும் தடையை உடனே விலக்கிக்கொள்ள வேண்டும்.

செய்தித் துறையிடம் தனியாக ஒன்று. ஃப்ரீலான்ஸ் புகைப்படக்காரர்கள் தங்கள் வெளிவந்த படைப்புகளைக் காட்டி அங்கீகாரம் பெறும் வழியைத் திறந்து விடுங்கள். அது அரங்குகளுக்குள்ளும் அரசு நிகழ்ச்சிகளுக்கும் போவதற்கு. தெருவுக்கு அந்த அட்டை செல்லுபடியாகும் என்றோ தேவை என்றோ எங்கேயும் எழுதிவிடாதீர்கள். தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் இதழியலுக்கும் ஆவணப் புகைப்படத்துக்கும் விலக்கு வேண்டும் என்று ஒன்றிய அரசுக்கு மாநில அரசு கடிதம் எழுதவும் பரிந்துரை செய்யுங்கள்.

இந்த மடலோடு, 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு மனுவும் அனுப்பியிருக்கிறேன். பொது இடங்களில் படமெடுப்பதைத் தடுக்கும் உத்தரவுகள் ஏதேனும் நடைமுறையில் இருந்தால் அவற்றின் நகலையும், பிரஸ் கார்டு இல்லாதவர்களைத் தடுக்கச் சொல்லும் விதி எது என்பதையும் அதில் கேட்டிருக்கிறேன். முப்பது நாட்களுக்குள் எழுத்தில் பதில் வர வேண்டும். வரும் பதிலை அப்படியே வெளியிடுவேன். இடைப்பட்ட நாட்களிலும் நானும் என்னிடம் கற்றுக்கொள்பவர்களும் அதே சாலையில் நின்று படமெடுப்போம். எங்களை நிறுத்தும் அதிகாரியிடம் மரியாதையாக உத்தரவு எண்ணைக் கேட்போம்.

இப்படிக்கு,
சென்னைத் தெருக்களில் படமெடுக்கும் ஒருவன்